இத்தாலிய வினைச்சொற்களின் அசையழுத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இத்தாலியச் சொற்களில் அழுத்தம் எப்போதும் ஈற்றயல் (கடைசிக்கு முந்தைய) அசையில்தான் விழும் என்று தங்கள் மொழிப்பகுதியில் வந்த குறிப்பு, பெயர்ச்சொற்கள் பலவற்றுக்குப் பொருந்தினாலும், வினைச்சொற்களைப் படிப்பவரைத் தவறான உச்சரிப்புக்கே இட்டுச்செல்லும். ‘பேசுகிறார்கள்’ என்பதற்கான ‘பார்லனோ’வில் அழுத்தம் வினையடியிலேயே நிற்கிறது, அதை ‘பர்லானோ’ என்பது புதிதாகப் படிப்போர் பலரும் செய்யும் பிழை (நானும் செய்திருக்கிறேன்). ‘தொலைபேசுகிறார்கள்’ எனப் பொருள்படும் ‘தெலேஃபொனனோ’விலோ அது கடைசியிலிருந்து நான்காம் அசைக்கே போய்விடுகிறது.

அழுத்தம் இடம் மாறினால் பொருளும் மாறும். ஒரே எழுத்துகளைக் கொண்ட சொல், முதலசை அழுந்தி ‘காபிதோ’ என்றால் ‘தற்செயலாக வந்து சேர்கிறேன்’; இரண்டாமசை அழுந்தி ‘கபீதோ’ என்றால் ‘புரிந்தது’; ஈற்றசை அழுந்தினால் ‘வந்து சேர்ந்தான்’. இம்மூன்றில் கடைசி வடிவத்துக்கு மட்டுமே எழுத்தின்மேல் குறியிடுவது கட்டாயம் என்பதால், மற்ற இரண்டையும் சூழல் நோக்கியே அறிய வேண்டும். ‘எரே’ என முடியும் வினைகளுக்கு விதியே உதவாது: ‘வெதேரே’ (பார்த்தல்) ஈற்றயலில் அழுந்தும், ‘ப்ரெந்தெரே’ (எடுத்தல்) முதலசையில் அழுந்தும், மனப்பாடம்தான் வழி.

அசைபிரிப்பு நமக்கு எளிது. ‘பர்லெரேமோ’ என்றால் ‘பேசுவோம்’. மெய் இரட்டித்து ‘பர்-லெ-ரெம்-மோ’ ஆனால் ‘வாய்ப்பிருந்தால் பேசுவோம்’. கனியையும் கன்னியையும் பிரித்தறியும் காதுக்கு இதில் சிரமம் இராது.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி