சொகுசு வீடு வாங்குவோர் கேட்க மறக்கும் கேள்விகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோலாலம்பூரில் சொகுசு அடுக்குமாடி வீடு வாங்குவோர் எவற்றை எதிர்பார்க்கிறார்கள் என்பது குறித்துத் தங்கள் நாளிதழின் சொத்துச் சந்தைப் பகுதியில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். இரட்டைக் கோபுரம் தெரியும் பலகணி, உச்சி மாடியில் நீச்சல் குளம், மூன்றடுக்குப் பாதுகாப்பு, இத்தாலியப் பளிங்குத் தரை, கைப்பேசியிலிருந்து இயக்கும் விளக்குகள் என்று கட்டுரை அடுக்கியவை எல்லாம் விற்பனைக் கூடங்களில் உண்மையிலேயே கேட்கப்படுபவைதாம். (விளக்கு விஷயத்தில் எனக்குச் சுவிட்சே போதும்.) ஆனால், சாவி கைக்கு வந்து பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆன பிறகும் அந்த வீட்டின் மதிப்பைத் தாங்கி நிறுத்துவது எது என்ற கேள்வியைக் கட்டுரை தொடவே இல்லை. இந்நகரின் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நிர்வாகக் குழுவின் பொருளாளராகச் சில காலம் இருந்தவன் என்ற முறையில், பத்து இலட்சம் வெள்ளிக்கு மேல் கொடுத்து வீடு வாங்குகிறவர் பளிங்கைத் தட்டிப் பார்ப்பதற்கு முன் அந்தக் கட்டடத்தின் கணக்கையும் விதிமுறைகளையும் பார்க்க வேண்டும் என்று சொல்ல விரும்புகிறேன்.

காட்சியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பலகணிக்கு எதிரே இன்று இரண்டு மாடிக் கடைவீடுகளோ கார் நிறுத்தும் திடலோ இருந்தால், அங்கே நாளை ஐம்பது மாடி எழலாம். கோபுரம் தெரிகிறது என்பதற்காகக் கூடுதலாக வாங்கிக்கொள்ளும் பணத்துக்கு விற்பனை ஒப்பந்தத்தில் உத்தரவாதம் தரும் வரி எதையும் நான் பார்த்ததில்லை. எதிர் நிலத்தில் எவ்வளவு அடர்த்திக்கு அனுமதி உண்டு என்பதை மாநகர் மன்றத்தின் உள்ளூர்த் திட்டத்தில் பார்த்துவிடலாம். அரை நாள் வேலை.

கட்டணத்துக்கு வருகிறேன். அடுக்குமாடிகளின் நிர்வாகத்துக்கான 2013ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டத்தின்படி ஒவ்வொரு உரிமையாளரும் மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணம் செலுத்த வேண்டும். அதோடு, அந்தக் கட்டணத்தில் பத்து விழுக்காட்டுக்குச் சமமான தொகையை சிங்கிங் ஃபண்ட் எனப்படும் ஒதுக்கு நிதிக்குத் தனியே செலுத்த வேண்டும். எடுத்துக்காட்டாக, 1,500 சதுர அடி வீட்டுக்குச் சதுர அடி 50 சென் என்று வைத்துக்கொண்டால், மாதக் கட்டணம் 750 வெள்ளி, ஒதுக்கு நிதி 75 வெள்ளி. இத்தகைய வீடுகள் 300 இருந்து, அத்தனை பேரும் ஒழுங்காகக் கட்டினாலும், ஆண்டுக்கு ஒதுக்கு நிதியில் சேர்வது 270,000 வெள்ளிதான். நாற்பது மாடிக் கட்டடத்துக்கு வெளிச்சுவர் வண்ணம் பூசுவதும், தேய்ந்துபோன லிஃப்ட்டுகளை மாற்றுவதும், மொட்டை மாடி நீர்க்கசிவை அடைப்பதும் இந்தப் பணத்திலிருந்துதான் நடக்க வேண்டும். உச்சி மாடியில் இருக்கும் நீச்சல் குளம் கசியத் தொடங்கினால், அதற்குக் கீழே குடியிருப்பவருக்கும் பொருளாளருக்கும் ஒருசேரத் தூக்கம் போய்விடும்.

புதிய கட்டடங்களில் இந்தக் கணக்கு வாங்குபவரின் கண்ணுக்குப் படுவதில்லை. கட்டடத்தைக் கட்டி விற்ற மேம்பாட்டாளரே நிர்வகிக்கும் தொடக்க காலத்தில் எல்லாமே புதிது. விற்பனை ஒப்பந்தப்படி குறைபாடுகளைச் சரிசெய்து தரும் பொறுப்பும் சாவி ஒப்படைத்ததிலிருந்து 24 மாதங்களுக்கு மேம்பாட்டாளருடையது. கட்டணம் குறைவாக இருந்தாலும் குறை தெரியாது. பின்னர் உரிமையாளர்களின் கூட்டு நிர்வாக அமைப்பு பொறுப்பேற்றுக் கட்டணத்தை உயர்த்த முற்படும்போதுதான் பொதுக்கூட்டத்தில் குரல்கள் உயரும். பதினைந்து இலட்சம் கொடுத்து வாங்கியவர் மாதத்துக்கு 100 வெள்ளி கூடுவதற்காக மேசையைத் தட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே, இரண்டாம் கையாக வாங்குவோர் கடைசியாகத் தணிக்கை செய்யப்பட்ட கணக்கறிக்கையையும் ஆண்டுப் பொதுக்கூட்டக் குறிப்பையும் விற்பவரிடம் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். ஒதுக்கு நிதியில் எவ்வளவு இருக்கிறது, நிலுவைத் தொகை எவ்வளவு, கடந்த கூட்டத்தில் மக்கள் எதற்காகச் சண்டையிட்டார்கள் என்ற மூன்றும் தெரிந்துவிட்டால் அந்தக் கட்டடத்தின் உடல்நிலை தெரிந்துவிடும். தங்கள் சொத்துச் சந்தைப் பகுதியிலும், ஒரு திட்டத்தைப் பற்றி எழுதும்போது விலையோடு சதுர அடிக்கான கட்டணத்தையும் மொத்த வீடுகளின் எண்ணிக்கையையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

எண்ணிக்கையைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாற்பது மாடி, மாடிக்கு எட்டு வீடு, நான்கு லிஃப்ட் என்றால் ஒரு லிஃப்ட்டை நம்பி எண்பது குடும்பங்கள் இருக்கின்றன. காலை ஏழு மணிக்குப் பள்ளிப் பிள்ளைகளோடு நின்று பார்த்தால்தான் அதன் பொருள் விளங்கும். அதற்காக வீடுகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. அறுபதே வீடுகள் கொண்ட கட்டடத்திலும் குளம் உண்டு, உடற்பயிற்சிக் கூடம் உண்டு, இரவு பகல் காவலர்கள் உண்டு. அந்தச் செலவு முழுவதும் அறுபது பேர் தலையில் விழும். தனிமைக்கு ஆசைப்படுகிறவர் அதன் மாதச் செலவுக்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

அடுத்து, பக்கத்து வீட்டில் யார் இருப்பார்கள் என்ற கேள்வி. நகரில் விலையுயர்ந்த வீடுகள் தேவைக்கு மேல் கட்டப்பட்டுவிட்டன என்பதை நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா சுட்டிக்காட்டிய பின்னர், 2017 நவம்பர் 1 முதல் பத்து இலட்சம் வெள்ளிக்கு மேற்பட்ட கொண்டோமினியங்கள் உள்ளிட்ட ஆடம்பரத் திட்டங்களுக்குப் புதிய அனுமதி தருவதை அமைச்சரவை நிறுத்தி வைத்தது நினைவிருக்கலாம். முதலீட்டுக்காக வாங்கிப் போட்டவர்களுக்கு நிலையான வாடகைக்காரர் கிடைக்காதபோது அவர்கள் நாள் வாடகைக்கு, அதாவது ஏர்பிஎன்பி போன்ற தளங்களில், வீட்டை விடத் தொடங்குகிறார்கள். அப்போது அணுகல் அட்டை யார் கையில் இருக்கிறது என்பது காவலருக்கே தெரியாமல் போகிறது; விளம்பரத்தில் பார்த்த மூன்றடுக்குப் பாதுகாப்பு பெட்டியை இழுத்து வருகிறவர்களுக்குக் கதவு திறந்துவிடும் வேலையாகச் சுருங்குகிறது. மோன் கியாராவின் ஓர் அடுக்குமாடி தொடர்பான வழக்கில், உரிமையாளர்களின் நிர்வாகக் கழகம் அந்தக் கட்டடத்துக்கென்று துணை விதி இயற்றிக் குறுகிய கால வாடகையைத் தடுக்கலாம் என்று கூட்டரசு நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. ஆகவே, தாம் வாங்கும் கட்டடத்தில் அத்தகைய துணை விதி இருக்கிறதா என்று கேட்பது வாங்குபவரின் வேலை. அமைதியாகக் குடியிருக்க வாங்குகிறவருக்கு அது இருந்தால் நன்மை. நாள் வாடகைக்கு விட்டுக் கடன் தவணையைக் கட்டிவிடலாம் என்று கணக்குப் போடுகிறவருக்கு அது இல்லாவிட்டால்தான் பிழைப்பு. இருவரும் விற்பனைக் கூடத்தின் ஒரே காட்சி வீட்டில் நின்று ஒரே பளிங்கைப் பாராட்டுகிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

நிலத்தைப் பற்றிச் சுருக்கமாக: சர்வீஸ் அபார்ட்மென்ட் என்று விற்கப்படுபவை பெரும்பாலும் வணிக நிலத்தில் எழுபவை; அங்கே தண்ணீர்க் கட்டணமும் மதிப்பீட்டு வரியும் கூடுதலாக இருக்கக்கூடும், கீழே கடைகளும் உணவகங்களும் இருக்கும். 99 ஆண்டுக் குத்தகை நிலமா, நிரந்தர உரிமையா என்பதை நம்மவர்கள் எப்படியும் கேட்டுவிடுகிறார்கள். மலைச்சரிவைப் பற்றித்தான் கேட்பதில்லை. 1993 டிசம்பர் 11 அன்று உலு கிளாங்கில் ஹைலண்ட் டவர்ஸ் கட்டடத் தொகுதிகளில் ஒன்று சரிந்து 48 பேர் மாண்டதையும், 2008 டிசம்பரில் புக்கிட் அந்தாராபங்சாவில் நிலம் சரிந்ததையும் கண்ட தலைமுறை இன்னும் வீடு வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் குன்றின்மேல் வீடு என்றால் விலை கூடுகிறதே தவிர, பின்னால் உள்ள தடுப்புச் சுவரையும் வடிகாலையும் யார் பராமரிக்கிறார்கள், அந்தச் சரிவு கட்டடத்தின் எல்லைக்குள் வருகிறதா, அதைப் பொறியியலாளர் கடைசியாக எப்போது பார்வையிட்டார் என்ற கேள்விகள் விற்பனைக் கூடத்தில் எழுவதே இல்லை. நான் இதைப் பற்றிக் கேட்ட ஒரு காட்சி வீட்டில் விற்பனையாளர் எனக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். பதில் மட்டும் வரவில்லை.

நம் குடும்பங்களுக்கே உரிய சில தேவைகளையும் கட்டுரை விட்டுவிட்டது. முறுக்குச் சுடவும் மீன் குழம்பு வைக்கவும் கதவு அடைக்கக்கூடிய வெட் கிச்சன், அதாவது புகையும் எண்ணெயும் தெறிக்கும் சமையலுக்கான தனிச் சமையலறை, வேண்டும். பல ஆடம்பர வீடுகளில் சமையலறை வரவேற்பறையோடு ஒன்றாகத் திறந்து கிடக்கிறது, புகை எங்கே போகும் என்று வரைபடத்தில் இல்லை. பூஜை அறைக்குத் திசை பார்க்கிறவர்கள் அதற்கு மேலே புகை உணரும் கருவி பொருத்தப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதில்லை. வாசலில் கோலம் போடும் இடமும் செருப்பு அலமாரி வைக்கும் இடமும் பொதுச் சொத்தான நடைபாதை. அங்கே எதையும் வைக்கக் கூடாது என்று நிர்வாகம் சொன்னால், தீ விபத்தின்போது வெளியேறும் வழி என்ற முறையில், நியாயம் நிர்வாகத்தின் பக்கமே இருக்கும்.

எல்லாவற்றையும்விடச் சங்கடமானது ஒன்று உண்டு. முதிய பெற்றோரை உடன் வைத்திருப்போர் பலரும் இத்தகைய வீடுகளுக்கு மாறுகிறார்கள். வீட்டில் ஒரு மரணம் நிகழ்ந்தால் உடலை மேலே கொண்டுவந்து கிடத்தலாமா, சவப்பெட்டி பொம்பா லிஃப்ட்டில், அதாவது தீயணைப்பாளர்களுக்கான லிஃப்ட்டில், கிடைமட்டமாக நுழையுமா, பறையோ தேவாரமோ எத்தனை மணி வரை ஒலிக்கலாம், வருகிறவர்களின் கார்களை எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் பெரும்பாலான கட்டடங்களில் எழுதப்படாமலே இருக்கின்றன. துக்க வீட்டார் அந்த நேரத்தில் காவலரிடமும் மேலாளரிடமும் கெஞ்சிக்கொண்டு நிற்கிறார்கள். மேலாளரையும் குறை சொல்ல முடியாது. அவருக்கு வழிகாட்ட விதி எதுவும் இல்லை.

அந்த விதியை நாமே எழுதலாம். கூடுதல் துணை விதி இயற்றப் பொதுக்கூட்டத்தில் சிறப்புத் தீர்மானம் வேண்டும். அளிக்கப்படும் செல்லுபடியான வாக்குகளில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு கிடைத்தால் அது நிறைவேறும். அரை மணி நேரம் காத்திருந்தும் போதிய எண்ணிக்கையில் உரிமையாளர்கள் வராவிட்டால் வந்திருப்பவர்களைக் கொண்டே கூட்டத்தை நடத்தச் சட்டம் இடமளிக்கிறது. பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. நிர்வாகக் குழுவில் மூன்று முதல் பதினான்கு பேர் வரை இருக்கலாம். போட்டியே இல்லாமல் நுழைந்துவிடக்கூடிய பதவி அது. அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன் நம்மவர்கள் ஒரு பக்க முன்மொழிவை எழுத்துமூலம் கொடுக்கலாம்: மரணம் நிகழ்ந்தால் எந்த லிஃப்ட், எத்தனை மணி நேரத்துக்கு, யாரிடம் தகவல் சொல்ல வேண்டும், எத்தனை கார்களுக்கு இடம். சீனக் குடும்பங்களுக்கும் இதே தேவை இருப்பதால் ஆதரவு கிடைப்பது கடினமன்று.

இப்படிக்கு,
நிர்வாகக் குழுவின் முன்னாள் பொருளாளர்,
பங்சார், கோலாலம்பூர்.