பிராங்க்பர்ட் கிளம்பும் மாப்ளைக்கு

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஜனவரியில் பிராங்க்பர்ட் ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சியில் ஸ்டால் போடுகிறாய் என்று படித்ததும் அய்யனிடம்தான் முதலில் சொன்னேன். "கரூர்த் துண்டு சீமைக்குப் போறது புதுசில்ல, நம்ம பையன் கொண்டுட்டுப் போறதுதான் புதுசு" என்றார். அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். இங்கே எல்லோரும் சௌக்கியம். வாய்க்கால் தண்ணீர் இந்த வருஷம் கடைமடை வரைக்கும் வந்துவிட்டது. மஞ்சள் இலை பழுக்க ஆரம்பித்திருக்கிறது, தை பிறந்ததும் வெட்டு. தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போகிறாய் என்று கேட்டு எங்கள் வீட்டிலும் மகிழ்ச்சி.

கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய், ஏர்போர்ட்டிலும் ஹோட்டலிலும் கிடைக்கும் வைஃபையில் பேங்க் வேலை பார்க்கலாமா கூடாதா என்று. லாட்ஜுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் வைஃபை போட்டுக் கொடுப்பதுதானே என் பிழைப்பு. அதனால் ஒரு வரியில் முடிக்க மனசு வரவில்லை. பொறுமையாகப் படி.

நீ பயப்படுவது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் நம் பாஸ்வேர்டைக் காற்றிலேயே பிடித்துவிடுவான் என்று. ஒரு காலத்தில் அது நிஜம்தான். 2010இல் எரிக் பட்லர் என்ற அமெரிக்கர் ஃபயர்ஷீப் என்று ஒரு சின்ன மென்பொருளை வெளியிட்டார். காபிக் கடையில் உட்கார்ந்து அதை ஓடவிட்டால், அதே வைஃபையில் இருப்பவர்களின் பேஸ்புக், ட்விட்டர் கணக்குகள் வரிசையாக வந்து நிற்கும். பெயரைத் தட்டினால் உள்ளேயே போய்விடலாம். கம்பெனிகள் இத்தனை அலட்சியமாக இருக்கின்றன என்று காட்டத்தான் அவர் அதைச் செய்தார். அதற்கப்புறம் நிலைமை மாறியது. பெரிய தளங்கள் ஒவ்வொன்றாக எச்டிடிபிஎஸ்ஸுக்கு, அதாவது போகிற வருகிற விஷயத்தைப் பூட்டி அனுப்பும் முறைக்கு, வந்தன. 2018 ஜூலையில் இருந்து, அது இல்லாத தளங்களை எல்லாம் பாதுகாப்பற்றவை என்று குரோம் முகத்திலேயே எழுதிக் காட்ட ஆரம்பித்தது. இன்றைக்கு உன் பேங்க் ஆப்போ ஜிமெயிலோ எந்த வைஃபையில் போனாலும் உள்ளே இருக்கும் விஷயம் பூட்டித்தான் போகிறது. பக்கத்தில் இருப்பவனுக்கு நீ எந்தத் தளத்துக்குப் போகிறாய் என்பது தெரியலாம், அங்கே என்ன எழுதுகிறாய் என்பது தெரியாது.

அப்படியானால் பயமே இல்லையா என்று கேட்பாய். இருக்கிறது, ஆனால் அது வேறு பக்கம் இருந்து வருகிறது. இப்போது யாரும் காற்றில் தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. நாமாகவே பாஸ்வேர்டைத் தட்டிக் கொடுக்கும்படி ஒரு பக்கத்தைத் தயார் செய்து வைக்கிறார்கள்.

வைஃபைக்கு வைக்கும் பெயர் பஸ் முன்னால் மாட்டும் ஊர்ப் பலகை மாதிரி. யார் எந்தப் பலகையை மாட்டினாலும் தடுக்க ஆள் இல்லை. ஏர்போர்ட் வைஃபையின் பெயரையே ஒருவன் தன் பைக்குள் இருக்கும் சின்னக் கருவிக்கு வைத்துவிட்டால், போனுக்கு வித்தியாசம் தெரியாது. முன்பு ஒரு தடவை அதே பெயரில் இணைந்திருந்தால், உன்னைக் கேட்காமல் தானாகவே போய் ஒட்டிக்கொள்ளும். 2024இல் ஆஸ்திரேலியாவில் ஒருவனைப் பிடித்தார்களே, அவன் செய்தது இதுதான். விமானத்துக்குள்ளேயே இப்படி ஒரு போலி வைஃபை தெரிகிறது என்று விமான ஊழியர்கள் புகார் கொடுத்து, போலீஸ் அவன் கைப்பையைச் சோதித்தபோது கருவியும் லேப்டாப்பும் கிடைத்தன. பெர்த், மெல்போர்ன், அடிலெய்டு ஏர்போர்ட்டுகளிலும் இதே வேலை நடந்திருக்கிறது. இணைந்தவர்களுக்கு ஒரு பக்கம் திறக்கும். ஈமெயில் அல்லது பேஸ்புக் லாகின் கொடுத்தால் இலவச வைஃபை என்று சொல்லும். அவ்வளவுதான். ஜனங்கள் கொடுத்துவிட்டார்கள்.

நம் ஊர் ரயில்வே ஸ்டேஷன் வைஃபை என்ன கேட்கிறது என்று நினைத்துப் பார். போன் நம்பர் கேட்கும், ஓடிபி வரும், அதைப் போட்டால் முதல் அரை மணி நேரம் சும்மா. அதற்கு மேல் வேண்டுமானால் காசு. வைஃபை நடத்துகிறவனுக்கு நீ யார் என்று ஒரு அடையாளம் போதும், ஹோட்டல் என்றால் அறை எண்ணும் பெயரும். உன் மெயில் பாஸ்வேர்டால் அவனுக்கு ஆக வேண்டியது எதுவுமே கிடையாது. எந்த நாட்டில், எத்தனை அழகான பக்கம் வந்து கேட்டாலும் அதை மட்டும் கொடுக்காதே. "கூகுள் மூலம் உள்ளே வருக" என்று பட்டன் இருந்தாலும் தொடாதே. அந்தப் பக்கத்தை மூடிவிட்டுச் சும்மா உட்கார்ந்திரு.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், திருப்பூரில் எனக்குத் தெரிந்த ஒரு பனியன் ஏற்றுமதிக்காரருக்கு நடந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். வெளிநாட்டுப் பயணத்தில் விமானம் மாறும் இடத்தில், வைஃபைக்காக மெயில் பாஸ்வேர்டைப் போட்டிருக்கிறார். ஒன்றும் ஆகவில்லை. ஊருக்கு வந்தார், வேலையைப் பார்த்தார். உள்ளே புகுந்தவன் அவசரப்படவே இல்லை. எந்த பையர், என்ன ஆர்டர், எப்போது பணம் வரும் என்று எல்லாவற்றையும் சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருந்தான். இன்வாய்ஸ் போன மறுநாள், அவர் மெயிலில் இருந்தே, அவர் எழுதுகிற மாதிரியே, "ஆடிட் நடப்பதால் இந்த முறை வேறு அக்கவுண்டுக்கு அனுப்பவும்" என்று ஒரு கடிதம் போயிருக்கிறது. பையரும் அனுப்பிவிட்டார்.

பணம் வரவில்லையே என்று குழம்பிப்போய் லேப்டாப்பை என்னிடம் கொண்டுவந்தார். செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்த்தேன். ஃபில்டர் பட்டியலில் ஒரே ஒரு வரி. அந்த பையரிடம் இருந்து எந்தக் கடிதம் வந்தாலும், படித்ததாகக் குறி போட்டு, யாரும் எட்டிப் பார்க்காத ஒரு ஃபோல்டருக்குத் தள்ளு என்று. அந்த ஃபோல்டரைத் திறந்தால், "புதிய அக்கவுண்ட் நம்பரை உறுதி செய்யவும்" என்று பையர் கேட்ட கடிதமும், இவர் பெயரில் போன பதிலும் அப்படியே இருந்தன. அதைப் படித்தபோது அவர் முகம் போன போக்கை இன்னும் மறக்க முடியவில்லை. நூல் கொடுத்தவர்களுக்கு வாக்குத் தவறக் கூடாது என்று அவிநாசிப் பக்கம் இருந்த காட்டை விற்றுக் கணக்கை முடித்தார். அவர் மாதிரி நாணயமான மனுஷனுக்கு இது வந்திருக்கவே கூடாது.

அதனால் மாப்ளே, பேங்க் ஆப்பை நினைத்துப் பயப்படுவதில் பாதியையாவது மெயிலுக்குக் கொடு. உன் தொழிலின் பணம் முழுக்க அந்த மெயில் வழியாகத்தான் வருகிறது. கிளம்பும் முன் அதற்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைப் போட்டுவிட வேண்டும், பாஸ்வேர்டுக்கு மேல் கேட்கும் அந்த எண் எஸ்எம்எஸ்ஸில் வருவதாக இல்லாமல் போனில் இருக்கும் ஆதென்டிகேட்டர் ஆப் வழியாக. ரோமிங்கில் எஸ்எம்எஸ் சமயத்தில் தாமதமாகும், இந்த ஆப்புக்கு சிக்னலே வேண்டியதில்லை. அப்புறம் உன் பையர்கள் எல்லோருக்கும் இப்போதே ஒரு தாக்கல் சொல்லிவிடு: "எங்கள் அக்கவுண்ட் நம்பர் மாறாது. மாறியதாகக் கடிதம் வந்தால், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் நம்பரில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்." வெள்ளைக்காரர்கள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மதிப்புத்தான் கூடும்.

ஹோட்டல் வைஃபைக்கு பாஸ்வேர்டு இருக்கிறதே என்று நம்பிவிடாதே. போன மாதம் கோயம்புத்தூரில் ஒரு லாட்ஜுக்கு ரிப்பேருக்குப் போயிருந்தேன். ரிசப்ஷன் மேஜைக் கண்ணாடிக்குக் கீழே பாஸ்வேர்டு எழுதிய காகிதம், லாட்ஜ் பெயரோடு ஒன்று இரண்டு மூன்று. ரௌட்டர் பரண் மேல், ஸ்டெபிலைசருக்குப் பின்னால், ஒரே தூசி. அதன் பின்புற ஸ்டிக்கரில் கம்பெனி போட்டுக் கொடுத்த அட்மின் பாஸ்வேர்டு. அதையே அடித்தேன், உள்ளே விட்டுவிட்டது. எந்தெந்த போன் இணைந்திருக்கிறது என்ற பட்டியல் வந்தது. பாதிப் பேர் சொந்தப் பெயரையே போனுக்கு வைத்திருக்கிறார்கள். நான் மாற்றிவிட்டு வந்தேன், ஆனால் அந்தக் காகிதத்தைப் பார்த்த யாரும் அதைச் செய்திருக்கலாம். ரௌட்டரைக் கையில் எடுத்தவன் நீ போக வேண்டிய இடத்துக்குப் பதிலாக வேறு தளத்துக்குத் திருப்பிவிடப் பார்ப்பான். அந்த நேரத்தில்தான் பிரவுசர் முழுப்பக்க எச்சரிக்கை காட்டும். "பரவாயில்லை, தொடரவும்" என்று அதைத் தாண்டிப் போகவே கூடாது.

அதே மாதிரி, ஹோட்டல் வைஃபையில் இணைந்ததும் ஏதாவது அப்டேட் போடச் சொல்லிப் பெட்டி வந்தால் மூடிவிடு. 2014இல் காஸ்பர்ஸ்கி நிறுவனம் டார்க்ஹோட்டல் என்று ஒரு கும்பலைப் பற்றி வெளியிட்டது. ஆசியாவின் நட்சத்திர ஹோட்டல்களில் தங்கும் கம்பெனி அதிகாரிகளுக்கு இப்படி போலி அப்டேட்டைக் காட்டித்தான் லேப்டாப்புக்குள் நுழைந்தார்கள். அப்டேட் எல்லாவற்றையும் கரூரிலேயே முடித்துக்கொண்டு கிளம்பு.

எல்லாவற்றையும் விட சுளுவான வழி, வைஃபையை நம்பியே இருக்காமல் ஒரு ரோமிங் பேக் போட்டுக்கொள்வது. ஸ்டாலில் லேப்டாப் திறக்க வேண்டுமா, உன் போனிலேயே ஹாட்ஸ்பாட் போட்டுக்கொள். பணம், மெயில், இன்வாய்ஸ் எல்லாம் அதில். வீடியோ பார்ப்பது, ரயில் நேரம் தேடுவது, பேத்தியோடு பேசுவது எல்லாம் ஹோட்டல் வைஃபையில் தாராளமாக. நானும் வெளியூர் போனால் இப்படித்தான் செய்கிறேன். பேக்குக்குக் கொடுக்கும் காசு உனக்கு ஒரு பெட்டித் துண்டின் லாபம்கூட இருக்காது.

விபிஎன் போடலாமா என்று தம்பி கேட்டதாக எழுதியிருந்தாய். நம் போனில் இருந்து போவதை எல்லாம் பூட்டி, ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் வழியாக அனுப்பும் ஆப் அது. காசு கொடுத்து வாங்கும் நல்ல கம்பெனியுடையது என்றால் போடட்டும், ஹோட்டல்காரனுக்கு நீ எங்கே போகிறாய் என்பதும் தெரியாமல் போகும். ஆனால் அத்தனையும் அந்த விபிஎன்காரன் கையில் போகிறது. பிளே ஸ்டோரில் இலவசமாகக் கிடைப்பதை மட்டும் வேண்டாம் என்று சொல். அதைவிடச் சும்மா இருப்பதே மேல்.

எல்லாம் பார்த்தும் ஏதாவது தப்பு நடந்ததாகத் தோன்றினால் விடியட்டும் என்று இருந்துவிடாதே. முதலில் பேங்குக்குக் கூப்பிடு. சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்கு அங்கிருந்து லைன் கிடைக்காவிட்டால் தம்பியை விட்டுக் கூப்பிடச் சொல். 2017இல் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, நம் மீதும் பேங்க் மீதும் தப்பில்லாமல் வெளியாள் பணத்தை எடுத்திருந்தால், பேங்க் தாக்கல் சொன்னதில் இருந்து மூன்று வேலை நாட்களுக்குள் புகார் கொடுத்தால் நமக்கு நஷ்டம் இல்லை. நாமே ஓடிபியோ பாஸ்வேர்டோ கொடுத்திருந்தால், புகார் கொடுக்கும் வரை போனது போனதுதான், அதற்குப் பின் போவதுதான் பேங்க் கணக்கு. அதனால் ஒவ்வொரு மணி நேரமும் காசு.

அப்புறம், வரும் ஞாயிற்றுக்கிழமை கரூருக்கு ஒரு கல்யாணத்துக்கு வருகிறேன். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். உன் போன், தங்கச்சி போன், ஸ்டாலுக்குக் கொண்டுபோகும் லேப்டாப் மூன்றையும் சார்ஜ் போட்டு எடுத்து வை. பழைய வைஃபை பெயர்களை எல்லாம் அழித்து, தானாக இணைவதை நிறுத்தி, மெயில் ஃபில்டரையும் ஒரு தடவை பார்த்துவிடலாம். தம்பியும் கூட உட்காரட்டும், இங்கே இருந்து கணக்கைப் பார்க்கப் போகிறவன் அவன்தானே. அய்யன் உனக்கென்று பனங்கருப்பட்டி எடுத்து வைத்திருக்கிறார், கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
உன் மாப்ளை
கோபி