மலை ஓட்டம்: முதலில் இறங்கப் பழகுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் மலை ஓட்டம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பிள்ளைகளைச் செல்போனிலிருந்து பிரித்து வெளியே கூப்பிடும் எழுத்து, சந்தோஷம். ஆனால் இருட்டு விலகுவதற்கு முன்பே ஓடக் கிளம்பச் சொன்னதும், காதில் ஹெட்போன் மாட்டிய ஒரு தம்பி தேயிலைக் காட்டுக்குள் தனியாக ஓடும் படமும் சரியில்லை. கோத்தகிரியில் இருப்பவன் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது.

நான் மேட்டுப்பாளையம்–கோத்தகிரி தடத்தில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். சர்க்கரை வந்த பிறகு டாக்டர் நடக்கச் சொன்னார். நடை மெல்ல மெல்ல ஓட்டமாகிவிட்டது. இப்போது எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிலரும் கூட வருகிறார்கள்.

நேரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். காட்டெருமை இரவு முழுக்கத் தேயிலைக்குள் மேய்ந்துவிட்டு விடியும் நேரத்தில்தான் சோலைக்குத் திரும்பும். கரடியும் அப்படித்தான், பேரிக்காய் பழுக்கும் மாதங்களில் வீட்டு வாசல் வரைக்கும் வரும். கீழே குஞ்சப்பனையில் பலா சீசன் வந்தால் யானை ரோட்டில் நிற்கும். நாங்கள் பஸ்ஸைத் தள்ளி நிறுத்திவிட்டு, அது போகும் வரை ஹாரன் அடிக்காமல் காத்திருப்போம். நடக்கிறவனைவிட ஓடுகிறவனுக்கு இதில் ஆபத்து அதிகம். வளைவு திரும்பியதும் சத்தமே இல்லாமல் மிருகத்தின் முகத்துக்கு நேரே போய் நிற்பான். திடுக்கிட்ட கரடி ஓடிப்போகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அதனால் கொழுந்து பறிக்கும் பெண்கள் தோட்டத்துக்குள் இறங்கிய பிறகு, ஏழரை எட்டு மணிக்குக் கிளம்பினால் போதும். எதிரே பார்வை மறைக்கும் இடங்களில் கை தட்டுங்கள், பேசிக்கொண்டே போங்கள். ஹெட்போனை வீட்டில் வையுங்கள். காட்டெருமை நின்றால் நீங்களும் நின்று, வந்த வழியே திரும்புங்கள். அன்றைக்கு ஓட்டம் அவ்வளவுதான்.

இனி ஓட்டத்துக்கு வருகிறேன். என் மகள் இங்கிலாந்தில் கம்ப்ரியா பகுதியில் நர்ஸாக இருக்கிறாள். பேரன் பிறந்தபோது நானும் மனைவியும் போயிருந்தோம். அங்கே ஃபெல் ரன்னிங் என்று ஒன்று உண்டு. ரோடு இல்லை, பல இடங்களில் பாதையே இல்லை. புல்லும் பாறையும் சேறுமான மலையில் ஏறி, உச்சியைத் தொட்டு, இறங்க வேண்டும். மருமகன் ஒரு ஊர்ப் போட்டிக்குக் கூட்டிப் போனார். கிராமத்து மைதானத்தில் ஒரு கூடாரம், உள்ளே டீயும் கேக்கும். எழுபது வயதுக்காரர் ஒருவர் முழங்கால் முழுக்கச் சேற்றோடு வந்து முடித்தார். பரிசு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது.

அந்த ஊர் மலைகள் உயரத்தில் நம் மலைகளுக்குக் கிட்டே வராது. இங்கிலாந்தின் மிக உயர்ந்த சிகரமான ஸ்கேஃபெல் பைக் 978 மீட்டர். கோத்தகிரி மார்க்கெட்டில் காய் வாங்குகிறவர் கிட்டத்தட்ட அதைப்போல இரண்டு மடங்கு உயரத்தில் நிற்கிறார். தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஆனால் அவர்கள் அடிவாரத்திலிருந்து தொடங்குகிறார்கள். ஸ்காட்லாந்தில் பென் நெவிஸ் போட்டி கிட்டத்தட்டக் கடல் மட்டத்தில் ஆரம்பித்து 1,345 மீட்டர் உச்சிக்குப் போய்த் திரும்புகிறது, மொத்தம் 14 கிலோமீட்டர். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும் உயரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். நான் பஸ்ஸில் 33 கிலோமீட்டர் ரோட்டைச் சுற்றி, ஏறுவதற்கு மட்டும் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொள்வேன். 1984இல் கென்னி ஸ்டூவர்ட் என்பவர் பென் நெவிஸில் ஏறி, இறங்கியும் முடித்த நேரம் 1 மணி 25 நிமிடம் 34 விநாடி. இதைக் கேட்டபோது மருமகன் கதை விடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

இவர்கள் எல்லாம் யார் என்று பார்த்தால் நம்மைப் போன்ற ஆட்கள்தான். 1895இல் முதன்முதலாக நேரம் குறித்துப் பென் நெவிஸில் ஏறி இறங்கிய வில்லியம் ஸ்வான் முடிதிருத்தும் தொழில் செய்தவர். 1932இல் 42 சிகரங்களை 24 மணி நேரத்துக்குள் சுற்றி வந்த பாப் கிரஹாம், கெஸ்விக் ஊரில் தங்கும் விடுதி நடத்தியவர். ஜாஸ் நெய்லர் ஆடு வளர்த்த விவசாயி; 70 வயதில் 70 சிகரங்களை ஒரு நாளுக்குள் ஓடி முடித்தார். 2024இல்தான் காலமானார்.

அங்கே போட்டிகளைத் தரம் பிரிப்பது எனக்கு மிகவும் பிடித்தது. தூரத்தை மட்டும் பார்ப்பதில்லை, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் எவ்வளவு ஏற்றம் என்று பார்க்கிறார்கள். ‘ஏ’ பிரிவு என்றால் கிலோமீட்டருக்குச் சராசரி 50 மீட்டராவது ஏற்றம் இருக்க வேண்டும், ரோடு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. ‘பி’ பிரிவுக்கு 25 மீட்டர். 50 மீட்டர் என்றால் சாதாரணமாகத் தோன்றும். போக வர ஒரே வழி என்று வையுங்கள்: பாதித் தூரம் இறக்கம்தானே? அப்படியானால் ஏறும் பாதியில் கிலோமீட்டருக்கு 100 மீட்டர். கல்லாறிலிருந்து குன்னூருக்குப் பல்சக்கரம் வைத்து ஏறும் நம் மலை ரயிலின் பாதையே 12க்கு 1, அதாவது கிலோமீட்டருக்கு 83 மீட்டர்தான். ரயிலே பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுகிற சரிவைவிடச் செங்குத்தானதை ‘ஓட்டம்’ என்கிறார்கள்.

ஆனால் அந்தச் செங்குத்தில் பெரும்பாலோர் ஓடுவதில்லை. ஜெயிக்கிறவரே சில இடங்களில் நடக்கிறார்! இரண்டு கையையும் தொடை மேல் ஊன்றி, குனிந்து, சின்னச் சின்ன எட்டு வைத்து ஏறுகிறார்கள். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: ஏற்றத்தில் நடப்பது கேவலம் இல்லை. மூச்சு வாங்கி வாய் பேச முடியவில்லை என்றால் நடங்கள், சமமான இடம் வந்ததும் ஓடுங்கள். சென்னையிலிருந்து வருபவர்கள் கூடுதலாகப் பொறுமை காட்ட வேண்டும். இங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே மெரினாவில் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவர் இங்கே முதல் மேட்டிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அது உடம்பின் குறை இல்லை, சில நாளில் பழகும்.

கட்டுரையில் விட்டுப்போனது இறக்கம். மலையில் விழுகிறவர்களில் பெரும்பாலோர் இறங்கும்போதுதான் விழுகிறார்கள். பஸ்ஸில் இறக்கத்தில் பிரேக்கை மட்டுமே மிதித்துக்கொண்டு வந்தால் லைனிங் சூடாகி, கடைசியில் பிரேக் பிடிக்காது. இரண்டாவது கியரில் போட்டு இன்ஜினைக் கொண்டு வேகத்தைப் பிடிக்க வேண்டும். காலிலும் அதே கணக்குதான். குதிகாலை ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து, ஒவ்வொரு எட்டிலும் பிரேக் போட்டால் முட்டிக்கு மேலே முன்தொடைத் தசை அடி வாங்கும். அந்தத் தசை அப்போது நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. அதனால்தான் ஏறிய வலியைவிட இறங்கிய வலி பெரிது, அதுவும் அன்றைக்குத் தெரியாமல் இரண்டாம் நாள் மாடிப்படியில் தெரியும். எட்டைச் சிறிதாக்குங்கள், வேகமாக மாற்றுங்கள். கையைப் பக்கவாட்டில் கொஞ்சம் விரித்துக்கொள்ளுங்கள். கண் காலடியில் இருக்கக் கூடாது, நாலைந்து எட்டு முன்னால் இருக்க வேண்டும். ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஒரு தடவை அளவாக இறங்கி வலி கண்ட தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கத்தில் அவ்வளவு நோவதில்லை. அதனால் தொடங்கும்போது சின்ன இறக்கம், பிறகு இரண்டு மூன்று நாள் ஓய்வு, அப்புறம் கொஞ்சம் பெரியது என்று போவதே சரி.

ஷூ பற்றிப் பலர் கேட்கிறார்கள். ரோட்டில் ஓடும் ஷூவின் வழவழப்பான அடிப்பாகம், மழை பெய்த செம்மண்ணில் வழுக்கும். அடியில் ஆழமான ரப்பர் பற்கள் வைத்தது வேண்டும். அதற்கென்று வரும் ஷூ பல ஆயிரம் ரூபாய் விலை. எங்கள் பிள்ளைகள் ரப்பர் குமிழ் வைத்த ஃபுட்பால் ஷூவில் சமாளிக்கிறார்கள். பாறையில் மட்டும் அதைப் போட்டுக்கொண்டு கவனமாகப் போக வேண்டும். இன்னொன்று, கவாத்து வெட்டிய தேயிலைக்குப் பக்கத்தில் ஓடவே ஓடாதீர்கள். வெட்டிய குச்சிகள் எல்லாம் கூராக மேலே பார்த்தபடி நிற்கும். அதன் மேல் விழுந்தால் தையல்தான்.

அங்கே போட்டிக்கு முன் பையைத் திறந்து காட்டச் சொல்கிறார்கள்: மழை புகாத மேலாடை, கால்சட்டை, வரைபடம், திசைகாட்டி, விசில், அவசரத்துக்கு உணவு. இல்லாதவர் ஓட முடியாது. இவ்வளவு எதற்கு என்று மருமகனிடம் கேட்டேன். ஓடும்போது உடம்பு சூடாக இருக்கும், கால் பிசகி உட்கார்ந்துவிட்டால் நனைந்த பனியனோடு கொஞ்ச நேரத்தில் நடுங்க ஆரம்பிக்கும், அப்புறம் புத்தி வேலை செய்யாது என்றார். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் மூடுபனிக்கும் இது பொருந்தும். டவர் கிடைக்காத பள்ளங்கள் நம்மிடம் நிறைய. எங்கள் பிள்ளைகள் விசிலும் மெல்லிய மழைக்கோட்டும் கடலை மிட்டாயும் இல்லாமல் கிளம்பக் கூடாது என்பது என் கண்டிப்பு. அங்கே கென்டல் ஊரின் புதினா போட்ட சர்க்கரைக் கட்டியைத் தின்கிறார்கள். என் சர்க்கரைக்கு அதை வாசம் பிடிக்க மட்டும்தான் மனைவி விட்டாள்.

திரும்பும் நேரத்தைக் கணக்கிட அங்கே 1892இலிருந்து ஒரு கணக்கு இருக்கிறது, வில்லியம் நெய்ஸ்மித் என்பவர் சொன்னது. இன்றைய அளவில், நடைக்கு 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, ஏற்றத்துக்கு 600 மீட்டருக்கு ஒரு மணி, இரண்டையும் கூட்டிக்கொள்ள வேண்டும். ஓடும் வேகத்தை நம்பாமல் இந்த நடைக் கணக்கை வைத்துக் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பலாம்.

எங்கே ஓடுவது? காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள், அது குற்றம். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் காட்டுத்தீ மலையேறிகளைச் சூழ்ந்து பலர் இறந்ததை மறந்திருக்க மாட்டோம். மாசி, பங்குனியில் புல் காய்ந்து கிடக்கும்போது தீயின் வேகத்தோடு எந்த ஓட்டக்காரனும் போட்டி போட முடியாது. வனத்துறை 2024இல் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ வழியாகப் பதிவு செய்தால் கெய்ர்ன் ஹில், லாங்வுட் சோலை போன்ற பாதைகளில் வழிகாட்டியோடு நடக்கலாம். அங்கே நடங்கள், மலையைப் பழகுங்கள். ஓட்டத்துக்கு ஹட்டிக்கும் ஹட்டிக்கும் (படுகர் கிராமங்களை இங்கே அப்படித்தான் சொல்வோம்) இடையே ஊரார் நடக்கும் ஒற்றையடிப் பாதைகளே போதும். பட்டா நிலம் என்றால் உடையவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இப்போது மலை மாரத்தான் என்ற பெயரில் நடப்பவை பெரும்பாலும் தார்ரோட்டில்தான். போக்குவரத்தை நிறுத்தி, சமவெளியிலிருந்து வந்தவர்கள் ஓட, நம் பிள்ளைகள் ஓரமாகத் தண்ணீர் பாட்டில் நீட்டுகிறார்கள். அதற்கு எதிராகச் சொல்லவில்லை. ஆனால் நாலைந்து கிலோமீட்டரில் ஒரு ‘பி’ பிரிவுப் போட்டியை ஒரு ஊரே நடத்திவிடலாம். பெரியவருக்கு ஐம்பது ரூபாய், பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசம், முடித்தவர்களுக்கு டீயும் வர்க்கியும். தொடக்கத்தில் ஒரு எண்ணிக்கை, முடிவில் ஒரு எண்ணிக்கை. இரண்டும் ஒத்துப்போகும் வரை யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது.

எங்கள் ஊரில் இதை வரும் தை மாதம், மழை ஓய்ந்து புல் காயாத நேரத்தில் நடத்தலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். பாதை பார்த்தாகிவிட்டது, நில உடைமையாளர்கள் சரி என்றுவிட்டார்கள். காவல் நிலையத்துக்கும் வனச்சரகத்துக்கும் மனு தயாராகிறது. நடுவழியில் ஆம்புலன்ஸ் வந்து நிற்க ஒரு இடம் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. இந்த மாதிரி ஊர்ப் போட்டி நடத்திய அனுபவம் உள்ள வாசகர்கள் இருந்தால், உங்கள் பத்திரிகையின் இந்தப் பகுதியிலேயே எழுதினால் எங்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.