புகார்: மியூனிக் படிப்புப் பயணம் – விசாக் கட்டணம், விடுமுறை நாள் வகுப்பு, கிடைக்காத கிரெடிட்

அனுப்புநர்:
பயண ஒருங்கிணைப்பாளர்,
பொறியியல் மாணவர் குழு, கோயம்புத்தூர்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
வெளிநாட்டுப் படிப்புப் பயணப் பிரிவு, சென்னை.

நாள்: 18.08.2025

பொருள்: 2025 ஜூன் 8 முதல் 22 வரையிலான மியூனிக் (ஜெர்மனி) பயணம் – கட்டணத்தின் ஒரு பகுதியைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

22 மாணவர்களும் 2 ஆசிரியர்களுமாக 24 பேர், தலைக்கு ரூ.2,65,000 செலுத்தி உங்கள் நிறுவனம் வழியாக மியூனிக் சென்று வந்தோம். விமானம், தங்குமிடம் இரண்டிலும் குறையில்லை. மருத்துவக் காப்பீடும் 30,000 யூரோ வரம்போடு, ஷெங்கன் நாடுகள் (ஒரே விசாவில் சென்று வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) முழுவதற்கும் சரியாகவே எடுத்திருந்தீர்கள். குறையெல்லாம் படிப்பில்தான். விளம்பரத்தில் ‘படிப்பு’ என்றிருந்தது விசா விண்ணப்பத்தில் ‘சுற்றுலா’ ஆகிவிட்டது.

ஷெங்கன் குறுகியகால விசாவுக்குக் கட்டணம் 90 யூரோ. படிப்புக்கோ கல்விப் பயிற்சிக்கோ செல்லும் மாணவர்களுக்கும் உடன் செல்லும் ஆசிரியர்களுக்கும் இந்தக் கட்டணம் கிடையாது என்று ஷெங்கன் விசா விதித்தொகுப்பின் 16ஆம் பிரிவு சொல்கிறது. விசா மையத்தின் சேவைக் கட்டணம் மட்டும் தனி. இந்த விலக்கைப் பெற, பயண நோக்கம் படிப்பு என்று குறிப்பிட்டு, அழைக்கும் பல்கலைக்கழகத்தின் கடிதத்தைச் சேர்க்க வேண்டும். கல்லூரியின் போனஃபைடு சான்றிதழ்களை ஏப்ரல் 10 அன்றே உங்களிடம் கொடுத்துவிட்டோம். அழைப்புக் கடிதம் தாமதமானதால் ஓட்டல் முன்பதிவைக் காட்டிச் சுற்றுலாப் பிரிவில் போட்டுவிட்டதாக உங்கள் ஊழியர் மே மாதம் சொன்னார். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்றிருக்க, அந்தக் கடிதத்தை ஜனவரியிலேயே கேட்டு வாங்கியிருக்க வேண்டும். 24 பேருக்கும் சேர்த்து 2,160 யூரோ வீணாகப் போனது.

அடுத்தது அட்டவணை. ஜூன் 9 காலை பல்கலைக்கழகத்தில் தொடக்க வகுப்பு, ஜூன் 19 வாகனத் தொழிற்சாலையில் உற்பத்தி வரிசையைப் பார்ப்பது என்று அச்சிட்டிருந்தீர்கள். ஜூன் 9 பெந்தெகொஸ்தே திங்கள், ஜெர்மனி முழுவதும் அரசு விடுமுறை. ஜூன் 19 ஃப்ரோன்லைக்னாம், அதாவது கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழா. மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் அன்றும் விடுமுறை. இரண்டும் ஈஸ்டரை ஒட்டி ஆண்டுதோறும் நகரும் நாள்கள்தான். ஆனால் 2025இல் ஈஸ்டர் ஏப்ரல் 20 என்பது எந்த நாட்காட்டியிலும் இருக்கிறது. ஞாயிறு மாலை போய் இறங்கியவர்களுக்கு மறுநாளும் கடைகள் மூடிக்கிடந்தன. முக்கிய ரயில் நிலையத்துக்குள் திறந்திருந்த கடைகளில்தான் ரொட்டியும் பாலும் வாங்கினோம். ஜூன் 19 அன்று தொழிற்சாலைக்குப் பதில் நகரைச் சுற்றிக் காட்டினீர்கள். ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் கோடைப் பருவ வகுப்புகள் ஜூலையிலும் நடக்கும். ஜூன் 22இல் புறப்பட்டிருந்தால் இரண்டு வாரத்தில் ஒரு விடுமுறைகூடக் குறுக்கிட்டிருக்காது.

எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு கிரெடிட். ‘3 ஈ.சி.டி.எஸ். கிரெடிட்’ என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். ஈ.சி.டி.எஸ். என்பது ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் படிப்பை அளக்கும் கிரெடிட் முறை; அதில் ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. மூன்றுக்கு 75 முதல் 90 மணி வேண்டும். வீட்டுப்பாடமும் தேர்வுத் தயாரிப்பும் அதில் சேரும் என்பதை அறிவோம். நடந்ததோ 21 மணி நேர வகுப்பு. வீட்டுப்பாடமும் இல்லை, தேர்வும் இல்லை, திட்ட அறிக்கையும் இல்லை. கடைசி நாளில் தந்தது உங்கள் நிறுவன முகப்புத் தாளில் அச்சிட்ட வருகைச் சான்றிதழ். கிரெடிட்டைப் பயண நிறுவனம் வழங்க முடியாது. பல்கலைக்கழகம்தான் பாடத்தின் பெயர், கிரெடிட் எண்ணிக்கை, தரநிலை ஆகியவற்றோடு மதிப்பெண் பட்டியலாகத் தர வேண்டும். அது இல்லாமல் வெளியில் பெற்ற கிரெடிட்டை ஏற்பதா என்று முடிவு செய்யும் எங்கள் கல்லூரியின் சமநிலைக் குழு கோப்பைத் திறக்கவே மாட்டாது. விருப்பப் பாடம் ஒன்றுக்கு ஈடாக இதை நம்பியிருந்த 22 பேரும் இந்தப் பருவத்தில் அந்தப் பாடத்தை மீண்டும் எடுத்திருக்கிறார்கள்.

வரியிலும் ஒரு பாக்கி இருக்கிறது. வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பு என்ற வகையில் 5 சதவீத டி.சி.எஸ். (விற்பவர் வாங்குபவரிடம் பிடித்து அரசுக்குச் செலுத்தும் வரி), தலைக்கு ரூ.13,250 கூடுதலாகப் பிடித்தீர்கள். அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த வரியைப் பிடித்ததற்கு அத்தாட்சியாக ஜூலை 30க்குள் வந்திருக்க வேண்டிய 27டி சான்றிதழ் இன்னும் வரவில்லை. பெற்றோர்களின் வரிக் கணக்கைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்திலும் அந்தத் தொகை ஏறவில்லை. செலுத்தாமலே வைத்திருக்கிறீர்களா, பான் எண் தவறிவிட்டதா என்று எழுத்தில் தெரிவியுங்கள். பான் பிழை என்றால் 27ஈக்யூ எனும் டி.சி.எஸ். காலாண்டு அறிக்கையைத் திருத்திப் போட்டாலே சரியாகிவிடும்.

நாங்கள் கேட்பது: விசாக் கட்டணம் 2,160 யூரோவை, எங்களிடம் வசூலித்த அதே மாற்று விகிதத்தில் திருப்பித் தர வேண்டும். உங்கள் பில்லில் ‘கல்விக் கட்டணம்’ என்று தனியே காட்டிய தலைக்கு ரூ.48,000ஐ 22 மாணவர்களுக்கும் தர வேண்டும், மொத்தம் ரூ.10,56,000. அதற்கு மாற்றாக, மீதி மணி நேரத்தை அந்தப் பல்கலைக்கழகமே இணையவழியில் நடத்தி, தேர்வு வைத்து, மதிப்பெண் பட்டியல் தருமானால் அதையும் ஏற்போம். ஆனால் அதற்கான பல்கலைக்கழகக் கடிதம் செப்டம்பர் 2க்குள் எங்கள் கையில் இருக்க வேண்டும். தொலைபேசியில் சொல்லும் உறுதி போதாது.

அதற்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்போம். ஒப்பந்தம், பில், அச்சிட்ட அட்டவணை, விசா விண்ணப்ப நகல்கள், வருகைச் சான்றிதழ் ஆகியவற்றின் படிகளை இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
பயண ஒருங்கிணைப்பாளர்
(24 பேர் சார்பாக)