சென்னை–லண்டன் டிக்கெட்டில் தவறான பயண நேரம்: புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மா,

வணக்கம். சென்ற ஜனவரியில் என் அம்மா சென்னையிலிருந்து லண்டன் ஹீத்ரூவுக்கு நேரடி விமானத்தில் போனார். டிக்கெட் உங்கள் செயலியில் எடுத்தது. அம்மாவுக்கு 68 வயது. சர்க்கரை நோய் உண்டு. தனியாக விமானம் ஏறியது இதுதான் முதல் முறை.

டிக்கெட்டில் இப்படி இருந்தது: புறப்பாடு காலை 5.35, வருகை காலை 11.15, தூரம் 8,230 கி.மீ., பயண நேரம் 5 மணி 40 நிமிடம்.

இதை நம்பி, மதியச் சாப்பாடு தங்கை வீட்டில்தான் என்று மதிய மாத்திரையைச் செக்-இன் பெட்டியில் வைத்துவிட்டேன். அம்மாவின் கைக்கடிகாரம் நம் ஊர் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. அதில் பதினொன்றே கால் ஆனதும் சால்வையைப் போர்த்திக்கொண்டு இறங்கத் தயாராக உட்கார்ந்திருக்கிறார். பன்னிரண்டு ஆனது, ஒன்று ஆனது, விமானம் இறங்கவில்லை. ஏதோ கோளாறு, சொல்லாமல் மறைக்கிறார்கள் என்று பயந்துபோய் அழுதிருக்கிறார். மாத்திரை கையில் இல்லாததால் சாப்பாட்டையும் தொடவில்லை. ஒரு பணிப்பெண் கவனித்து, இறங்க இன்னும் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

லண்டன் நேரம் நமக்குப் பின்னால் என்பது எனக்குத் தெரியும். ஆனால் பயண நேரம் என்று தனியாக ஓர் எண் போட்டிருக்கும்போது அதைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

தவறு எங்கே என்று பிறகு பார்த்தேன். குளிர்காலத்தில் லண்டன் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். அதைச் சேர்க்காமல் 11.15-இலிருந்து 5.35-ஐ அப்படியே கழித்திருக்கிறீர்கள். உண்மையான பயண நேரம் 11 மணி 10 நிமிடம். உங்கள் தூரம் சரி. அந்தத் தூரத்தை 5 மணி 40 நிமிடத்தில் கடக்க மணிக்கு 1,450 கி.மீ. வேகம் வேண்டும். இன்றைய பயணிகள் விமானங்கள் மணிக்கு 900 கி.மீ. அளவில்தான் பறக்கின்றன. ஒலியை மிஞ்சிப் பறந்த கான்கார்டும் 2003-இலேயே நின்றுவிட்டது.

திரும்பி வரும் டிக்கெட்டில் இதே தவறு தலைகீழாக இருக்கிறது. லண்டனில் பகல் 12.35-க்குக் கிளம்பி மறுநாள் விடிகாலை 4.15-க்குச் சென்னை, பயண நேரம் 15 மணி 40 நிமிடம் என்கிறீர்கள். உண்மையில் 10 மணி 10 நிமிடம். மேலே வீசும் மேலைக்காற்று வரும்போது பின்னாலிருந்து தள்ளுவதால் ஒரு மணி நேரம் போலக் குறையும். போவதற்கும் வருவதற்கும் இடையே உள்ள வித்தியாசம் அவ்வளவுதான், பத்து மணி நேரம் அல்ல. மார்ச் கடைசி ஞாயிறன்று பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிட்டால், இதே விமானத்துக்கு உங்கள் கணக்கு வேறோர் எண்ணைக் காட்டும்.

உங்கள் சேவைப் பிரிவில் சொன்னபோது, "டிக்கெட்டில் உள்ளூர் நேரம்தான் இருக்கும்" என்றார்கள். புறப்பாட்டுக்கும் வருகைக்கும் அது சரி. பயண நேரத்துக்கு உள்ளூர் என்று ஒன்று கிடையாது.

பணம் எதுவும் கேட்கவில்லை. கணக்கைத் திருத்துங்கள். ஏற்கெனவே டிக்கெட் எடுத்தவர்களுக்குச் சரியான நேரத்தைச் செய்தியாக அனுப்புங்கள். மாத்திரை, ஊசி, குழந்தைக்குப் பால் என்று நேரம் பார்த்துக் கிளம்புகிறவர்கள் அவர்களிலும் இருப்பார்கள்.

அம்மா மார்ச் முதல் வாரம் திரும்புகிறார். அவருடைய டிக்கெட்டைத் திருத்தி முதலில் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
சென்னை