தென்துருவத் தொலைநோக்கிகள் குறித்து ஒரு திறந்த மடல்

அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை, எரிசக்தித் துறை ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். பெருவெடிப்பின் எச்ச ஒளியைத் தென்துருவத்திலிருந்தும் சிலியிலிருந்தும் அளக்கவிருந்த சிஎம்பி-எஸ்4 தொலைநோக்கித் திட்டத்துக்கான ஆதரவை 2025 மே மாதத்தில் நீங்கள் விலக்கிக்கொண்ட கதையை உங்களுக்கே விளக்க வேண்டியதில்லை. அம்முடிவை மறுபரிசீலனை செய்யுங்கள். அதுவரை, துருவத்தில் இப்போதுள்ள தொலைநோக்கிகளில் உணரிகள் பொருத்தப்பட்டுள்ள கோணத்தைத் தனியே சரிபார்க்கும் பணிக்காவது நிதி ஒதுக்குங்கள் என்று கேட்கவே இம்மடல்.

எங்கள் இடர்ப்பாடு முழுவதும் அந்தக் கோணத்தில்தான் இருக்கிறது. ஆக்சியான் போன்ற, இன்னும் கண்டறியப்படாத மிக இலேசான துகள்கள் அண்டத்தை நிறைத்திருந்தால், 1,380 கோடி ஆண்டுகள் பயணித்து வரும் ஆதி ஒளியின் தளவிளைவு, அதாவது ஒளியலை அதிரும் திசை, வழியிலேயே சற்றுத் திரும்பியிருக்கும். அவ்வொளியை அளந்த பிளாங்க், டபிள்யூமேப் செயற்கைக்கோள்களின் தரவுகளை இணைத்த 2022-ஆம் ஆண்டு ஆய்வில் அத்திருப்பம் ஏறத்தாழ 0.34 பாகை என்று கிடைத்தது. கடிகாரத்தின் நிமிட முள் மூன்றரை விநாடியில் நகரும் அளவுதான் அது. உணரி அவ்வளவே கோணலாகப் பொருத்தப்பட்டிருந்தாலும் இதே விடைதான் வரும். 2013 அக்டோபரில் அணைக்கப்பட்ட பிளாங்கின் மேல் இனி ஏணி சாத்தி ஏறிப் பார்க்க முடியாது. ஆகவே, அருகிலிருந்து வருவதால் திரும்பியிருக்காது என்று கொண்டு, பால்வெளித் தூசு உமிழும் ஒளியை அளவுகோலாக வைக்க நேர்ந்தது. அத்தூசின் இயல்பே முழுதாகப் பிடிபடாத நிலையில், கண்டுபிடிப்பென அறிவிக்க வழக்கமாக வேண்டிய 5 சிக்மா உறுதிப்பாட்டை எட்டாமல் 3.6 சிக்மாவில் நிற்கும் அந்த முடிவை மார்தட்டிச் சொல்லவும் முடியவில்லை. ஒதுக்கித் தள்ளவும் மனம் வரவில்லை. வேறு வழியின்றி, வழக்கமான கோட்பாடு சொல்வதுபோல் திருப்பமே இல்லை என்ற விடை வரும்வரை கோணத்தைத் திருத்திக்கொள்வதும் இத்துறையில் வழக்கம்தான். ஆனால் தேடுகிற திருப்பமே அத்திருத்தத்தில் கரைந்துபோகும்.

சிலியில் இதே ஒளியை அளக்கும் சைமன்ஸ் ஆய்வகம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் ஆக்சியானின் அலைவால் தளவிளைவு ஊசலாடுகிறதா என்று அறிய ஒரே வான்பகுதியை இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். துருவத்தில்தான் அப்பகுதி அடிவானத்துக்குக் கீழே இறங்குவதே இல்லை.

2023 டிசம்பரில் உங்களுக்கு ஆலோசனை சொல்லும் பி5 என்ற துகள் இயற்பியல் வல்லுநர் குழு, புதிய பெருந்திட்டங்களுள் சிஎம்பி-எஸ்4-க்கே முதலிடம் தந்தது. ஐந்தே மாதங்களில், துருவத் தளத்தின் கட்டமைப்பு பழுதடைந்திருப்பதைக் காரணம் காட்டித் திட்டத்தை வடிவமைப்புக் கட்டத்துக்குள் விட மறுத்தீர்கள். வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளையை, உட்காரப் பெஞ்சு இல்லை என்று வீட்டுக்கு அனுப்பியது போலிருக்கிறது. தமிழில் எழுதும் இம்மடல் உங்கள் மேசைக்கு வந்து சேராது என்பது தெரியும். ஆங்கிலத்தில் எழுதியவர்களுக்கு மட்டும் என்ன கிடைத்துவிட்டது?

கடுமை மிகுந்திருந்தால் பொறுத்தருளுங்கள். முடிவை மறுபரிசீலனை செய்யுங்கள். இயலாதெனில், கோணத்தைச் சரிபார்க்கும் அச்சிறு பணியையாவது நிறுத்திவிடாதீர்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அத்தரவுகளோடு பல ஆண்டுகள் உழன்ற ஒருவன்