வாடைக்கு முன் எங்கள் சோலர் பம்பியைத் திருத்தித் தாருங்கள்

முல்லைத்தீவுக் கரையில் சூரிய மின் நீரிறைப்புத் திட்டத்தை நிறைவேற்றிய அதிகாரிகளுக்கும் பொறியியலாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். விடயம் உங்களுக்குத் தெரியும். அளம்பிலுக்கும் செம்மலைக்கும் இடையில் எங்கள் தோட்டக்காணிகளில் நீங்கள் பூட்டித் தந்த, வெயிலோடு சேர்ந்து தகடுகள் திரும்பும் சோலர் பம்பியைப் பற்றித்தான் எழுதுகிறோம். கடிதம் தந்தோம். படம் எடுத்து அனுப்பினோம். கூட்டத்தில் எழுந்து நின்றும் சொன்னோம். "பார்த்துச் செய்வோம்" என்பதற்கு மேல் பதில் வரவில்லை. போன கிழமை நடந்ததற்குப் பிறகு, நாலு பேர் வாசிக்கும்படி எழுதுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

வெயிலை மின்சாரமாக்கும் அந்தத் தகடுகள் இப்போது மேற்கே சாய்ந்தபடி இறுகிப்போய் நிற்கின்றன. விடியற்காலை வெயில் அவற்றின் முதுகில் விழுகிறது. வெயில் உச்சிக்கு ஏறும்வரை பம்பி தண்ணீர் தூக்காது. வெங்காயப் பாத்திக்கு இளங்காலையில் விட வேண்டிய தண்ணீரை எங்கள் பெண்கள் கொதிக்கிற மணலில் நின்று மத்தியானம் விடுகிறார்கள். விட்டதில் பாதி அவர்கள் கண்முன்னே காய்ந்து போகிறது. டீசல் வாங்கி இறைக்க வசதியுள்ளவர்கள் இறைக்கிறார்கள். கணவனை இழந்து தனியே தோட்டம் செய்கிறவர்கள் வெயில் ஏறும்வரை காத்திருக்கிறார்கள்.

இதைப் பொறுக்க முடியாமல் போன கிழமை இரண்டு பெடியன்கள் இரும்புக் குழாயைக் கொடுத்துத் தகட்டைக் கிழக்கே நெம்பப் பார்த்தார்கள். கறள் தின்ற போல்ற் ஒன்று தலையோடு முறிந்தது. சட்டம் சடாரென்று சாய்ந்து ஒருவனின் கையை நசுக்கிவிட்டது. அவன் இன்னும் கட்டுப்போட்ட கையோடுதான் திரிகிறான்.

முறிந்த அந்தப் போல்ற்றை எடுத்து வைத்திருக்கிறோம். வந்தால் காட்டுவோம். வெளியே வெள்ளை மாப்போல ஒரு படிவு, அதன் கீழே செம்பொடி, நடுவில் விரல் தடிப்புக்கூட மிஞ்சாத இரும்பு. தகட்டைத் தள்ளித் திருப்பும் தண்டின் றப்பர் உறை மடிப்பு மடிப்பாக வெடித்திருக்கிறது. உள்ளே கிறீசும் மணலும் குழைந்து கிடக்க, பளபளவென்று இருந்த தண்டு அம்மைத் தழும்பாகப் பொத்தல் விழுந்திருக்கிறது. கட்டுப்பாட்டுப் பெட்டியில் வயர் நுழையும் துளையை மேற்பக்கமாகப் போட்டிருக்கிறார்கள். மழைத்தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கி, செப்பு முனைகள் பச்சையாகப் பூத்துவிட்டன. பெட்டியின் திறப்பு எங்களிடம் இல்லை, கொழும்பில் இருக்கிறது.

இதெல்லாம் தெரியாமல் நடந்ததாக எங்களால் நம்ப முடியவில்லை. உப்பு படிந்த இரும்பு மழை இல்லாத இரவிலும் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு நனைந்தே கிடக்கும் என்பது இந்தக் கரையில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். கடலுக்குப் போய்வருகிற எங்கள் சகோதரர்கள் படகு எஞ்சினுக்குள் நல்ல தண்ணீர் ஓடவிட்டுக் கழுவாமல் வீட்டுக்குப் போகமாட்டார்கள். இயந்திரத்துக்குப் பதிலாக அரிபடட்டும் என்று அதில் ஒரு துத்தநாகக் கட்டியும் பூட்டியிருக்கும்.

நீங்கள் படித்தவர்கள், உங்கள் கணக்கிலேயே சொல்கிறோம். காற்று உலோகத்தை அரிக்கும் வேகத்தை ஐ.எஸ்.ஓ. 9223 என்ற சர்வதேசத் தரவிதி தரம் பிரித்து வைத்திருக்கிறது. கடலை அண்டிய இடங்களுக்கு உரிய சி5 பிரிவில் துத்தநாகப் பூச்சு வருடத்துக்கு 4.2 முதல் 8.4 மைக்குரோன் வரை கரையும்; ஒரு மைக்குரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மின்முலாம் பூசிய சாதாரண போல்ற்றில் இருக்கும் பூச்சே பெரும்பாலும் 5 முதல் 10 மைக்குரோன்தான். அது எத்தனை வாடையைத் தாங்கும்? உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த தடித்த இரும்பில் சராசரி 85 மைக்குரோன் பூச்சு இருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ்.ஓ. 1461. அப்படிப் பூசியிருந்தால் பத்து வருடத்துக்குக் குறையாமல் நின்றிருக்கும். பூசிக் கொண்டுவந்த இரும்பிலும் இங்கே வைத்துத் துளை போட்டு, வெட்டுவாயைப் பூச்சில்லாத வெறும் இரும்பாக விட்டுப் போனதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

கேட்டால், உப்புக்காற்றைத் தாங்குமா என்று பார்க்கும் உப்புப் புகைச் சோதனைச் சான்றிதழைக் காட்டுகிறீர்கள். அது தகட்டுக்கான சான்று. தகட்டில் எங்களுக்குக் குறை இல்லை. அதைத் தாங்குகிற போல்ற்றுக்கும் திருப்புகிற தண்டுக்கும் சான்று எங்கே? ஒப்பந்தகாரரோ, கடற்காற்றால் வரும் கறள் உத்தரவாதத்தில் அடங்காது என்கிறார். கடற்கரையில் பூட்டுகிற பொருளுக்கு அப்படி ஒரு நிபந்தனையை ஏற்றுக் கையெழுத்து வைத்தவர்கள் எங்களுக்கு விளக்கம் தர வேண்டும்.

இது ஒரு பம்பியின் கதையாக மட்டும் இருந்தால் இவ்வளவு மனம் நோகாது. 2009இல் எல்லாவற்றையும் இழந்து, பிறகு மீளக்குடியேறிய மண் இது. பொருட்கள் வந்தன, நாடா வெட்டினார்கள், பெயர்ப்பலகை நட்டார்கள். திறப்பு விழாவுக்கு வந்த வாகனங்கள் திருத்த வேலைக்கு வருவதில்லை. பழுதானால், சனத்துக்குப் பராமரிக்கத் தெரியவில்லை என்று அறிக்கை எழுதுகிறார்கள். திறப்பையே தராமல் எதைப் பராமரிப்பது? இந்தச் சொல் எங்களை மிகவும் சுடுகிறது.

சரி, கோபத்தை விட்டுவிட்டுப் பணிவாகவே கேட்கிறோம். ஐப்பசி மழையும் வாடையும் தொடங்குவதற்கு முன் இதைத் திருத்தித் தாருங்கள். போல்ற், முளை எல்லாவற்றையும் முக்கியெடுத்த கல்வனைஸ் அல்லது உப்பை நன்றாகத் தாங்கும் 316 தர ஸ்டெயின்லெஸ்ஸாக மாற்றுங்கள். அலுமினியச் சட்டத்தில் ஸ்டெயின்லெஸ் படும் இடத்தில் நைலோன் வளையம் வையுங்கள், இல்லையென்றால் அலுமினியம் அரிபடும். தண்டுக்குப் புது உறை போட்டு, பெட்டிக்கு வயரைக் கீழிருந்து ஏற்றுங்கள். கிறீஸ் வைக்கவும் நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவவும் ஊரில் இரண்டு பேருக்குப் பழக்கிவிட்டு, திறப்பையும் அவர்கள் கையில் கொடுங்கள். அந்த வேலையை நாங்கள் சம்பளம் கேட்காமல் செய்வோம்.

அதற்குப் பணம் இல்லையென்றால் அதையும் நேரே சொல்லுங்கள். எங்கள் இடம் ஏறக்குறைய 9 பாகை அகலாங்கில் இருக்கிறது. தகடுகளைத் தெற்கு நோக்கி 10 பாகை சாய்த்து அசையாமல் பூட்டிவிட்டால், திரும்புவதால் கிடைக்கும் மேலதிக மின்சாரம் போகும், ஆனால் காலையில் தண்ணீர் வரும். மேற்கே பார்த்து இறுகி நிற்பதைவிட அது எவ்வளவோ மேல்.

எதுவானாலும் வாடைக்கு முன் செய்யுங்கள். இனி இந்தக் கரைக்குக் கேள்விப்பத்திரம் எழுதும்போது எந்த அரிப்புப் பிரிவு என்பதையும், கறளுக்கும் உத்தரவாதம் உண்டு என்பதையும் அதிலேயே எழுதுங்கள். வரும் நாளை முன்கூட்டி அறிவித்தால் தோட்டக்காரர் எல்லோரும் நிற்போம். பதிலைத் தயவுசெய்து எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
அளம்பில் – செம்மலைக் கரைத் தோட்டக்காரர் சார்பில்
ஒரு கமக்காரன்